கடலுக்கு யார் வைத்த மெஷின்?

எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. சாதாரண மீன் தொட்டி இல்லை, உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கினோம். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் நாலு விட்டோம். ஆறே வாரத்தில் இரண்டு போய்விட்டன.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததுதான் எங்களை ஏமாற்றியது. கண்ணுக்கு ஒரு தூசி இல்லை. ஆனால் மூக்கை அருகே கொண்டுபோனால் மட்டும் லேசாக ஒரு வாடை. "பாவம், பசிக்கும்" என்று ஆளாளுக்குத் தீனி போட்டிருக்கிறோம். காலையில் மகள், பள்ளிக்குக் கிளம்பும் முன் அப்பா, இரவு தூங்கப் போகும் முன் நான். மீன் தின்றது போக மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் தண்ணீரில் கரைந்து, அழுகி, அம்மோனியாவாக மாறி மீனையே கொன்றிருக்கின்றன.

மீன் கடைக்காரர் ஒரு குழாய் மாதிரியான பொருளைக் கையில் கொடுத்தார். "ஸ்கிம்மர் இல்லாம உப்புத் தண்ணி ஓட்டக்கூடாது மேடம்" என்றார். உள்ளே ஒரு சின்ன மோட்டார். அது காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்துப் பொடிப்பொடியான குமிழிகளாக்கும். குமிழிகள் குழாய்க்குள் பால் மாதிரி பொங்கி மேலே ஏறும். மேலே ஒரு கிண்ணம். அதில் நுரை வழிந்து இறங்கும். மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கழற்றினேன். அடிப்பாகத்தில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு திரவம். வாடை குமட்டியது. "இதுவா இத்தனை நாள் நம்ம தண்ணியில இருந்தது?" என்று என் கணவர் தள்ளி நின்றுகொண்டார்.

மகள் மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, நம்ம தொட்டிக்கு இந்த மெஷின். கடலுக்கு யார் மெஷின் வெச்சாங்க?"

பதில் தெரியவில்லை. "ஒருநாள் போய்ப் பார்ப்போம்" என்று சொல்லித் தப்பித்தேன். அப்படிச் சொன்ன பாவத்துக்கு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்களைப் பழவேற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பருப்பு நுரையில் இருக்கிற பாடம்

போகும் வழியிலேயே ஸ்கிம்மர் எப்படி வேலை செய்கிறது என்று பேசிக்கொண்டு போனோம். சமையலறையில் நிற்பவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை.

பருப்பு வேகும்போது மேலே நுரை கட்டும். அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டுவோம். கரும்புச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சும் ஆலையில், அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வரும். அதை அள்ளிப் போட்டால்தான் வெல்லம் வெளுப்பாக வரும். மீன் தொட்டி ஸ்கிம்மரும் இதையேதான் செய்கிறது, அடுப்பு மட்டும் இல்லை.

நுரையோடு அழுக்கு ஏன் மேலே வருகிறது? புரதம் போன்ற பொருள்களின் மூலக்கூறுக்கு இரண்டு குணம் உண்டு. ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்குத் தண்ணீரே ஆகாது. தண்ணீரில் ஒரு காற்றுக் குமிழி வந்தால், தண்ணீர் ஆகாத பகுதி காற்றின் பக்கம் நீட்டிக்கொள்ளும், மற்றது தண்ணீரிலேயே நிற்கும். அப்படியே குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு அதோடு மேலே போய்விடும். குமிழி வெடித்தாலும் அழுக்கு கிண்ணத்தில் தங்கிவிடும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே ஆளைப் பிடித்து வெளியே அனுப்புகிற வேலை இது. அம்மோனியாவாக மாறிய பிறகு ஸ்கிம்மரால் ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பார்த்துக்கொள்ள மணலிலும் கல்லிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் வேண்டும்.

குமிழி பொடியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குமிழியை ஒரு மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 1,000 குமிழிகள் கிடைக்கும். உள்ளே இருக்கும் காற்று அதே அளவுதான். ஆனால் அழுக்கு ஒட்டுவதற்கான மேற்பரப்பு 10 மடங்காகிவிடும். சின்னக் குமிழி மெதுவாகவும் ஏறும், அதனால் அழுக்கைப் பிடிக்க அதிக நேரம் கிடைக்கும்.

இன்னொரு சூட்சுமம், உப்பு. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று மோதினால் ஒட்டிப் பெரிதாகிவிடும். உப்புத் தண்ணீரில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது, பொடியாகவே நிற்கும். கடலின் உப்பில் சுமார் கால்வாசி இருந்தாலே இந்தக் குணம் வந்துவிடும். அதனால்தான் தங்கமீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் பெரிதாக உதவாது, கடல்மீன் தொட்டிக்கு உதவுகிறது.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களில் பாதிவரை தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் லிட்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி கணக்கில் கல் உப்பைக் கரையுங்கள். கடலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான், லிட்டருக்கு 35 கிராம். இரண்டையும் ஒரே வேகத்தில் குலுக்கி வையுங்கள். உப்புத் தண்ணீரில் குமிழிகள் பொடியாகப் புகை மாதிரி தெரியும், தெளிய சில விநாடிகள் கூடுதலாக ஆகும். மகள் இதை மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினாள்.

பொன்னேரி தாண்டி

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து பஸ். மெதூர், திருப்பாலைவனம் என்று வயல்களும் ஏரிகளுமாகப் போய், காற்றில் உப்பு வாடை அடிக்கத் தொடங்கும்போது பழவேற்காடு வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இறங்கியதும் வேறு காலத்தில் இறங்கிய மாதிரி இருந்தது.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். 1690-ல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை இங்கிருந்துதான் துணி வியாபாரம் நடந்தது. கோட்டை இப்போது புதருக்குள் செங்கல் மேடாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசல் தூண்களில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்குப் பின்னால் ஏரி விரிகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். சித்திரை, வைகாசியில் சில இடங்களில் கடலை விடவும் உப்பு ஏறிவிடும்.

"அப்போ மழைக்காலத்துல இங்க ஸ்கிம்மர் வேலை செய்யாது, வெயில் காலத்துல செய்யும்" என்றாள் மகள். சரியாகத்தான் சொன்னாள்.

தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மாதிரி பூநாரைகள் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி, பொடி உயிர்களை மட்டும் சலித்துத் தின்கிற பறவை. இந்த ஏரியில் வடிகட்டிகளுக்குக் குறைவில்லை. அடியில் கிடக்கும் சிப்பியும் கிளிஞ்சலும்கூடத் தண்ணீரை இழுத்துச் சலித்து விட்டுக்கொண்டேதான் இருக்கின்றன.

படகுச் சவாரிக்கு யாராவது அழைத்தால் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் இது. நாங்கள் பாலத்தைக் கடந்து, லைட்ஹவுஸ் குப்பம் பக்கமாகக் கடற்கரைக்கு நடந்தே போனோம்.

நுரைக்கு ஒரு தாத்தா

முகத்துவாரம் என்றதும் பெரிய வாசலை எதிர்பார்த்துப் போனோம். மணல் திட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஆறு மாதிரிதான் இருந்தது. ஏற்றம் தொடங்கியிருந்தது. கடல் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஏரிக்குள் ஏறியது. அலை உடைகிற இடத்தில் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. எங்கள் தொட்டிக் குழாய்க்குள் பார்க்கிற அதே வெள்ளை.

கரையில் நுரை ஒதுங்கியிருந்தது. பழுப்பு ஓடிய வெள்ளை. காற்று அடிக்க அடிக்க உருண்டையாகப் பிரிந்து மணலில் ஓடியது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மகள் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்தார்.

"இன்னா பாப்பா தேடுற?"

"தாத்தா, இந்த நுரை எங்கேர்ந்து வருது?"

"கடலு அடிச்சுத் துப்புது. உள்ள இருக்குற பாசி, செத்தது, அழுவுனது எல்லாம் நொரையா வெளிய வந்துரும். ரெண்டு வெயிலு பட்டா காஞ்சி போயிடும்."

ஒரு புத்தகமும் பார்க்காமல் அவர் சொன்னது சரியான விஞ்ஞானம். கடலில் மிதக்கும் நுண்பாசிகள் சாகும்போது புரதமும் கொழுப்பும் தண்ணீரில் கரைகின்றன. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் உண்டாகின்றன. அழுக்கு குமிழியில் ஒட்டி நுரையாகிக் கரையேறுகிறது. மனிதர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆகியிருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில், அரைத்த கல்மாவிலிருந்து துத்தநாகத் தாதுவைக் குமிழிகளில் ஒட்டவைத்துப் பிரித்தார்கள். 1960-களில் ஜெர்மனியில் கடல்மீன் தொட்டிகளுக்கான ஸ்கிம்மர்கள் வந்தன. நம் பக்கம் மெரினாவில் 1909-லேயே, எட்கர் தர்ஸ்டன் காலத்தில், கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். அப்போது இந்தக் கருவி கிடையாது.

இன்று கடல்மீன் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் நுரை பிரிப்பான் வழக்கமான உறுப்பு. தண்ணீரை வீணாக்காமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் தொட்டிகளில் அது இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டில் ஒரு ஜான் உயரத்தில் இருப்பது அங்கே ஆள் உயரத்தில் நிற்கும்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அலைதான் மெஷின்! நுரைதான் கிண்ணம்!" என்று குதித்தாள்.

பெரியவர் சிரித்தார். "எந்த மெஷினு?" என்று கேட்டார். அவள் வீட்டுத் தொட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னாள், செத்துப்போன இரண்டு மீன் உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மெஷினு நின்னு போச்சுன்னா, உன் மீனு எத்தினி நாளு தாங்கும்?"

"ரெண்டு நாள், மூணு நாள் தாங்கும் தாத்தா. அப்புறம் தண்ணி மாத்தணும்."

"இங்க இந்த வாய் அடைச்சிக்கிச்சுன்னா மாசக்கணக்கா நிக்கும் பாப்பா. தண்ணிய யாரு மாத்துறது?"

வாய் அடைத்தால்

மகள் கண்டுபிடித்த பதில் பாதிதான் சரி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடலுக்கு அலை இருக்கிறது. ஏரிக்கு அலை கிடையாது. சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். காற்று கிளப்புகிற சிற்றலைதான் அதற்குக் குமிழி போடுகிறது. அது போதாது. ஏரிக்கு உண்மையான சுத்திகரிப்பு, ஒவ்வொரு ஏற்றத்திலும் புதுத்தண்ணீர் உள்ளே வந்து, ஒவ்வொரு வற்றத்திலும் பழைய தண்ணீர் வெளியே போவதுதான். தொட்டிக்காரர்கள் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுவார்களே, அதைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை செய்துவிட்டுப் போகிறது. ஸ்கிம்மர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தண்ணீர் மாற்றுவதை விட முடியாது என்று மீன் கடைக்காரர் சொன்னதும் இதைத்தான்.

அந்த வழி இந்தச் சின்ன முகத்துவாரம்தான். மழை வெள்ளம் பாயும்போது அது அகலத் திறக்கும். மழை நின்றதும் கரையோரமாக நகரும் மணலைத் தள்ள ஆற்றுக்குப் பலம் இருக்காது. மணல் வாயில் சேரும். மாசி, பங்குனியில் குறுகும். கோடையில் சில ஆண்டுகள் முழுக்கவே அடைத்துக்கொள்ளும். மீனவர்கள் சேர்ந்து மண்வெட்டியோடு இறங்கி வெட்டித் திறந்த ஆண்டுகள் உண்டு. வெட்டிய வாய் சில வாரத்தில் திரும்பவும் மூடும். நிரந்தரமாகத் திறந்திருக்கும்படி இருபுறமும் கல்சுவர் போட்டுத் தர வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு, அரசும் அதற்கான திட்டத்தை அறிவித்தது.

வாய் அடைத்தால் என்ன ஆகும்? வெயிலில் தண்ணீர் சுண்டி உப்பு ஏறும். தண்ணீர் சூடாக ஆக, உப்பாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல் தண்ணீர் 6 சொச்சம்தான். இதில் பாசி மண்டினால், இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எங்கள் தொட்டியில் அந்த இரண்டு மீன்களும் கடைசி நாளில் அப்படித்தான் செய்தன. விளையாடுகின்றன என்று நினைத்து மகள் செல்போனில் வீடியோ எடுத்தாள்.

சுவாசம் மட்டுமல்ல, பிழைப்பும் இந்த வாய் வழியாகத்தான் வருகிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, சேற்றில் தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா எல்லாம் வந்துபோகிற மீன்கள். வாய் மூடினால் வருகிறதும் இல்லை, போகிறதும் இல்லை.

அதனால்தான் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்தத் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். வலிமையானவன் வளைத்துக்கொள்ள முடியாது. தலைமுறை தலைமுறையாக நடக்கிற இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு நியாயமாகப் பங்கு பிரித்தாலும், பிரிப்பதற்கு ஏரியில் இறால் இருக்க வேண்டும்.

வலையோ படகோ இல்லாதவர்கள் நிலை இன்னும் கஷ்டம். திரும்பி வரும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் சிலர் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்ததைப் பாலத்திலிருந்து பார்த்தோம். கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள், பாரம் வாயில். பல மணி நேரம். அந்தத் தண்ணீரில் என்ன கலந்தாலும் முதலில் அவர்கள் தோலில்தான் படும்.

நுரை சொல்லும் செய்தி

நுரையைக் கண்டால் விளையாட ஓடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எல்லா நுரையும் பழவேற்காட்டு நுரை இல்லை.

2019 நவம்பர் கடைசியில், மழைக்குப் பிறகு, மெரினாவிலிருந்து பெசன்ட் நகர் வரை பனி கொட்டிய மாதிரி நுரை ஒதுங்கியது. பிள்ளைகள் அள்ளி வீசி விளையாட, பெற்றோர் படம் எடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை எடுத்துச் சோதித்தது. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத் தூளும் மழை வெள்ளத்தோடு கடலில் கலந்து, அலையில் அடிபட்டு வந்த நுரை அது. அலைக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நுரைத்துக் காட்டும். எங்கள் தொட்டிக் கிண்ணம், நாங்கள் போட்ட தீனியைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

எண்ணெய் கலந்தால் இன்னொரு விதம். கையில் எண்ணெய்ப் பசையோடு தொட்டியில் கை விட்டால் ஸ்கிம்மர் நுரை அப்படியே படுத்துவிடும், திரும்ப எழ நேரமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுப்பாகி, அந்தப் பக்கத்து மீனவர்கள் கையாலேயே எண்ணெயை வழித்து அள்ளினார்கள். பழவேற்காட்டிலிருந்து தெற்கே பார்த்தால் அந்தத் திசையில்தான் துறைமுகங்களும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரிகின்றன.

இந்த ஏரிக்காக நீதிமன்றம் ஒருமுறை கோடு கிழித்திருக்கிறது. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பண்ணைக் குட்டைகளில் துடுப்புச் சக்கரங்கள் சுழன்று குமிழி அடித்து இறாலுக்கு மூச்சு கொடுக்கும். ஆனால் அது அழுக்கை வெளியே எடுக்காது, ஆக்சிஜனை மட்டுமே சேர்க்கும். அழுக்குத் தண்ணீரைக் கடைசியில் எங்காவது திறந்துவிட்டே ஆக வேண்டும். எங்கே என்பதுதான் அந்த வழக்கின் கேள்வி. எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான்: கிண்ணத்தில் சேர்ந்ததை எங்கே ஊற்றுவது? செடிக்கு ஊற்றினால் உப்பில் கருகிவிடும். கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விடுகிறோம். அது எங்கே போகிறது என்று மகள் இன்னும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

கிளம்பும் முன் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டோம். வலையை மடித்து முடித்திருந்தார். "அடுத்த தடவ மார்கழி கழிச்சு வாங்கம்மா. அப்ப வாய் நல்லா தொறந்திருக்கும், மீனும் இருக்கும்" என்றார். பிறகு முகத்துவாரத்தைத் திரும்பிப் பார்த்து, "இருந்தா" என்று சேர்த்துக்கொண்டார்.

ஊருக்குள் ஓலைக்கூடை முடையும் பெண்களிடம் மகள் ஒரு சின்னப் பெட்டி வாங்கினாள். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசாமலே வந்தாள். நுரை உருண்டை ஒன்றைப் பிடித்து அதற்குள் வைத்திருந்தாளாம். பொன்னேரி வருவதற்குள் அது ஒன்றுமில்லாமல் போய், அடியில் பிசுபிசுப்பாக ஒரு கறை மட்டும் மிஞ்சியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். எங்கள் தொட்டிக் கிண்ணத்தின் வாடைதான், ஆனால் மிக மிக லேசாக.

இப்போது எங்கள் வீட்டில் மீனுக்குத் தீனி போடுவது மகள் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. ஸ்கிம்மர் கிண்ணத்தை வாரம் இருமுறை கழுவுகிறாள், சோப்பு போடாமல், வெறும் தண்ணீரில். மிச்சமிருக்கும் இரண்டு கோமாளி மீன்களும் நன்றாகத்தான் இருக்கின்றன.

மின்சாரம் போனால் மோட்டார் நின்றுவிடும். குழாய்க்குள் வெள்ளை அடங்கி, தண்ணீர் சும்மா நிற்கும். போன வாரம் ஒரு மணி நேரம் அப்படி நின்றது. மகள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தையும் மீனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அப்படிப் பார்க்கிற? கரன்ட் வந்துடும்" என்றேன்.

"நமக்கு வந்துடும்மா" என்றாள்.